உங்கள் அக்காவின் ரத்தம் என் பெயரில்

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் இல்லத்தில் பெரியவர் சிறியவர் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம். உங்கள் அக்காவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அவளுடைய சுகத்தைச் சொல்ல வேண்டிய காகிதம் என் பெயரில் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆறு மாதமாக உங்கள் அக்காவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நான்காவது படியில் நின்றுகொண்டு, சுவரில் இல்லாத ஒட்டடையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறாள். டாக்டரிடம் அழைத்துப் போனேன், அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், பரிசோதனைக்கூடத்துக்குப் போனோம், கவுன்டரில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள், அங்கேதான் சனி பிடித்தது. குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் விண்ணப்பம் வாங்கியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். “முதல் வரியில குடும்பத் தலைவர் பேரு, மத்ததெல்லாம் அப்புறம்” என்று ஊரையே மிரட்டிய வாய் இது. பழகிய கை என் பெயரை எழுதி, என் வயதைப் போட்டு, ‘ஆண்’ என்ற கட்டத்தில் டிக்கும் அடித்துவிட்டது. உள்ளே ரத்தம் எடுப்பவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதாவது குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும். உங்கள் அக்கா “எங்க வீட்டுக்காரர்தான்” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்க் கையை நீட்டியிருக்கிறாள். அவரும் குத்தி எடுத்துவிட்டார். பில்லும் ரிப்போர்ட்டும் என் பெயரில் வந்தன.

அதைக் கவனிக்காமல் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தேன். பதில் வந்தது: ‘மருத்துவர் பரிசோதிக்கச் சொன்னவர் பரிசோதிக்கப்படவில்லை, பரிசோதிக்கப்பட்டவரை எந்த மருத்துவரும் பரிசோதிக்கச் சொல்லவில்லை, ஆகவே தொகை வழங்க இயலாது.’ ஆத்திரத்திலும் அந்த வாக்கியத்தை இரண்டு முறை ரசித்துப் படித்தேன். பிறகு போன் போட்டு, ஒன்றை அமுக்கி, நான்கை அமுக்கி, அரை மணி நேரம் சங்கீதம் கேட்டபின் ஒரு தம்பி கிடைத்தார். “சார், ரத்தம் யாரோடது?” என்றார். “என் மனைவியோடது.” “ரிப்போர்ட்?” “என்னோடது.” “அப்ப உங்களுக்கு என்ன பிரச்சினை?” “மூச்சு வாங்குது.” “உங்களுக்கா?” “இப்ப எனக்கும்தான்பா!”

சரி, பெயரை மாற்றித் தாருங்கள் என்று பரிசோதனைக்கூடத்து மேனேஜரிடம் போய் நின்றேன். “பேரை மட்டும் மாத்த முடியாது சார். அவங்களைக் கூட்டிட்டு வாங்க, புதுசா எடுத்துடலாம்” என்றார். டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “இதுல ரத்தம் ரொம்பக் குறைச்சலா இருக்கு. ஆனா உங்க பேர்ல இருக்கற ரிப்போர்ட்டைப் பாத்து அவங்களுக்கு மருந்து எழுத மாட்டேன். மறுபடி எடுங்க. ஏன் குறையுதுன்னும் பாக்கணும், தள்ளிப் போடாதீங்க” என்றார். வீட்டில் வந்து சொன்னால் உங்கள் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? “முதல்ல எடுத்த ரத்தத்துக்குப் பணம் வரட்டும், அடுத்த ரத்தத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். இருக்கறதே குறைச்சலாம், அதையும் எடுத்துக் குடுக்கணுமா?” இன்றோடு இருபது நாள் ஆயிற்று. கெஞ்சியாயிற்று, கத்தியாயிற்று, ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். என் பங்கையும் சேர்த்து மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

மச்சான், நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி என்று உங்களுக்குத் தனிச் சலுகை உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது வந்து சேருங்கள். வேடிக்கையாக எழுதிவிட்டேனே தவிர எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் படியில் நிற்கும்போது நான் கீழே சாவியைத் தேடுவதுபோல் நின்றுகொள்கிறேன், விழுந்தால் பிடிக்கலாமே என்று. முப்பத்தாறு வருடத்தில் இதையெல்லாம் அவளிடம் சொன்னதில்லை. சண்டை போடத்தான் தெரிகிறது.

உங்கள் மனைவி, என் தங்கைக்கு என் விசாரிப்பு. குழந்தைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல கையெழுத்தோடும் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்பார்க்கும்
அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை கடந்துவிட்டது, நீங்கள் ஓடி வரவும் வேண்டாம். உறையை ஒட்டுமுன் கடிதத்தை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது என் அலுவலகப் பழக்கம். படித்து முடித்து நிமிர்ந்தால் உங்கள் அக்கா கதவருகே துண்டும் கையுமாக நிற்கிறாள். “இதை அவன்கிட்ட சொல்லத் தெரியுது, எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா?” என்றாள். துண்டை உதறி மடித்துக்கொண்டே, “எனக்கும் பயமாத்தான் இருந்துது. பணம் வரட்டும்னது சும்மா” என்றாள். மறுநாள் காலையில் போனோம். படிவத்தை அவளே நிரப்பினாள், என்னைப் பேனாவைத் தொட விடவில்லை. எல்லாம் பார்த்தாயிற்று, இரும்புச்சத்துக் குறைவுதான், வேறொன்றும் இல்லை, சில மாதம் மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பெயரில் வந்த புதுப் பில்லுக்குக் காப்பீட்டில் பணமும் தருகிறார்களாம். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், “அனுப்புங்க, அவன் சிரிக்கட்டும்” என்றாள்.

ஒன்று மட்டும் பாக்கி. பழைய ரிப்போர்ட்டினால் காப்பீட்டுக்காரர்கள் பதிவேட்டில் ரத்தசோகைக்காரன் நான்தான். நேற்று ஒரு பெண் கூப்பிட்டு, “சார், கீரை சாப்பிடறீங்களா? களைப்பா இருக்கா?” என்று அக்கறையாக விசாரித்தாள். தவறு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் நீக்கிவிடுவார்களாம். எழுத உட்கார்ந்தேன், மனம் வரவில்லை. அவள் நோய் ஒரு காகிதத்திலாவது என் பெயரில் இருந்துவிட்டுப் போகட்டும், மச்சான்.