அக்கா ஏறித் தேடட்டும்

கமலேஸ்வரியின் அர்ச்சனைக் கூடை கீச்சென்று கத்தியது.

கோணேசர் மலைக்கு ஏறும் கோட்டை வாசலில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த சிப்பாய் நிமிர்ந்து பார்த்தான். சமாதானக் காலம்தான், ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. என்றாலும் கத்துகிற தேங்காயை அவன் இதுவரை கண்டதில்லை.

"அம்மா, உள்ள என்ன?"

வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் அடியில் இருந்தது கைக்கடக்கமான ஒரு கருவி. வானத்துச் செய்மதியைப் பார்த்து வழி சொல்லுமாம். கனடாவிலிருந்து புறப்பட்டு, கொழும்புச் சுங்கத்தில் ஒரு மாதம் தூங்கி, நேற்றுத்தான் அவளுடைய ஓர்ஸ் ஹில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உண்மையைச் சொன்னால் பறித்துவிடுவார்கள். அவள் நெஞ்சில் கையை வைத்தாள்.

"இருதயத்துக்குத் தம்பி. டொக்டர் தந்த மெஷின்."

அவள் பொய் சொல்லிப் பழகாதவள். அவளுடைய குறை அதற்கு நேர்மாறானது. எதைக் கண்டாலும் உரிய இடத்தில் சொல்லிவிடுவாள். குழாய் உடைந்தால் நகரசபைக்கு, கந்தோருக்கு யாராவது வேலைக்குப் பிந்தி வந்தால் பெரியவருக்கு, அடுத்த வீட்டுக்காரர் களவாகச் சிகரெட் பிடித்தால் அவர் மனைவிக்கு. பதினெட்டு வருடங்களுக்கு முன், தங்கை இரத்தினேஸ்வரி தான் காதலித்த யோகலிங்கத்தோடு மூதூர் லோஞ்சுப் படகில் ஏறி ஓடப்போகிறாள் என்று அப்பாவுக்குச் சொன்னவளும் அவள்தான்.

அப்பா படகுத்துறை ஜெட்டியில் வைத்தே தங்கையின் சூட்கேஸைப் பறித்தார். அதிலிருந்து ஆறாம் மாதம் அவளைக் கனடாவுக்கு ஏற்றிச் சோமசேகரத்துக்குக் கட்டிவைத்தார். சோமசேகரம் தங்கமான மனிதர். ஆனால் தங்கை அக்காவோடு பேச்சை விட்டுவிட்டாள். அப்பா செத்த அன்று தொலைபேசி எடுத்தவள், அக்காவின் குரலைக் கேட்டதும், "அங்க ஆரும் பெரியாக்கள் இருக்கினமோ?" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது சோமசேகரம் கருவியோடு ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தார்.

'மச்சாள், வைகாசியில் ஒரு நாள் திருகோணமலைக்கு வந்து போனேன். உங்களைப் பார்க்கக் கூடாது என்பது வீட்டுக் கட்டளை. இங்கே நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒருவர் பெட்டியை ஒளிப்பார். மற்றவர் கருவியோடு நடந்து தேடுவார். இரத்தினி உங்களுக்கு எழுதிய கடிதத்தை அப்படித்தான் கோணேசர் மலையில் ஒளித்திருக்கிறேன். தபாலில் போட்டால் என்ன என்று கேட்டேன். "நான் பதினெட்டு வருசம் அலைஞ்சனான், அக்கா ஒருக்கா ஏறித் தேடட்டும்" என்றாள். எழுத நாலு நாள் எடுத்தாள். இன்னொரு தரம் எழுதமாட்டாளாம். டச்சு பே கடற்கரையோரமாக நடந்து வாருங்கள். கிட்டப் போகப் போகக் கருவி வேகமாகக் கத்தும்.'

கோட்டை வாசலில் அது மறுபடியும் கத்தியது. சிப்பாயின் முகம் இளகிப்போயிற்று.

"என்ட அம்மாவுக்கும் இருதயம்தான்," என்று கூடையை வாங்கிக்கொண்டான். "தனியா போக வேணாம். நான் வாறன்."

"ஐயோ வேண்டாம் தம்பி! நான் வெள்ளிக்கிழமை தவறாமல் ஏறுறனான்."

"பேச வேணாம் அம்மா. மூச்சுப் போகும்."

மான்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கையில் துவக்கும் மறு கையில் அர்ச்சனைக் கூடையுமாக அவன் முன்னே நடந்தான். பாதை உயர உயரக் கூடையின் கீச்சுச் சத்தம் நெருக்கமாயிற்று. அவன் வெளிறிப்போய் நின்றான்.

"வேகமா அடிக்குது!"

"அது நல்லதுக்குத்தான், தம்பி. வேகமா அடிச்சாத்தான் நல்லம்."

"என்ட அம்மாவுக்கு வேகமா அடிச்சுத்தான் ஆஸ்பத்திரியில போட்டது!"

அவனைச் சாந்தப்படுத்த அவள் பத்தடி கீழே இறங்கிக் காட்டினாள். அவனும் கூடையோடு இறங்கினான். சத்தம் தணிந்தது.

"பாத்தீங்களா? இறங்கினா சுகம்! இண்டைக்குக் கோயில் வேணாம். வீட்டுக்குப் போங்க."

கமலேஸ்வரிக்கு அழுகை வந்தது. இந்தப் பிள்ளையிடம் இப்போது எந்த வாயால் உண்மையைச் சொல்வது? உண்மை சொல்லியே கெட்டவள் அவள். அதுகூட முழு உண்மையா? குடும்ப மானத்துக்காகத்தான் அப்பாவிடம் சொன்னேன் என்று பதினெட்டு வருடம் தனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். தனக்காக எந்த லோஞ்சிலும் யாரும் காத்திருக்கவில்லை என்ற எரிச்சல்தான் அன்று அவளை அப்பாவின் கதிரையடிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. கடிதத்தைக் கையில் எடுத்ததும் அதைத்தான் தங்கைக்கு எழுத வேண்டும். ஐம்பது வயதில் பிழையை ஒத்துக்கொள்வதற்கும் அந்தக் கடிதம் போல ஒரு துணை வேண்டியிருக்கிறது.

கூடையை வெடுக்கெனப் பறித்தாள். பாதையை விட்டு விலகிப் பாறைகளுக்குள் ஓடினாள்.

"அம்மா! ஓட வேணாம்! செத்துப் போவீங்க!"

வாழைப்பழம் ஒரு பக்கம் விழுந்தது, தேங்காய் உருண்டு மலையிறங்கியது. கருவி இடைவிடாமல் அலறியது. பாதையோரத்தில் கடை வைத்திருக்கும் தங்கத்துரை, ஆளொன்று சாகிறதென்று நினைத்துச் சோடாப் போத்தலோடு ஓடி வந்தான்.

அவள் முழங்காலில் விழுந்து, இரண்டு பாறைகளுக்கு இடையிலிருந்த பொந்துக்குள் தோள்வரை கையை விட்டாள். சருகு. மான் புழுக்கை. மற்றக் கையையும் விட்டாள். ஒன்றுமில்லை.

கருவியை நிறுத்தினாள். கீழே அலை அடிப்பது மட்டும் கேட்டது.

"நிண்டு போச்சு," என்று சிப்பாய் தொப்பியைக் கழற்றினான்.

"எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி. பொய் சொல்லிப்போட்டன்." அவள் நிலத்திலேயே இருந்துவிட்டாள். "இதுக்க ஒரு பெட்டி இருக்க வேணும். என்ர தங்கச்சியின்ர கடிதம். அவ இனி எழுதமாட்டா."

சோடாவைத் திறந்துகொண்டிருந்த தங்கத்துரையின் கை நின்றது.

"கறுப்பு டேப் சுத்தின பெட்டியே அக்கா?"

"கண்டனீங்களே?" அவள் பாதி எழுந்துவிட்டாள்.

"காணாமல்? போன மாசம் ஆமிக்காரர் அரை மணித்தியாலம் ஒருத்தரையும் இந்தப் பக்கம் விடேல்லை. குண்டெண்டு நினைச்சு நீட்டுத் தடியால இழுத்தெடுத்து, இராவணன் வெட்டுக்கால கடலுக்க தள்ளிவிட்டவங்கள்."

"குண்டெண்டு... ஆர் சொன்னது?" கேட்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

தங்கத்துரை சோடாவை மரியாதையோடு அவள் கையில் வைத்தான்.

"என்னக்கா, மறந்து போனீங்களே? பாதையில நிண்டு, 'அந்தக் கல்லுக்க கறுப்பா என்னவோ கிடக்கு' எண்டு ஆமியிட்டச் சொல்லிப்போட்டு, திரும்பியும் பாராமல் பூசைக்குப் போனது நீங்கள்தானே!"