சுவிஸ் கையும் லண்டன் வாயும்

இரண்டு நாடு ஒப்பிடுவோர் என்றொரு இனம் உண்டு. சிட்னியில் செழித்து வளர்கிறது; மெல்பேர்னிலும் பஞ்சமில்லை என்கிறார்கள். அடையாளம் காண்பது சுலபம். தம்பி சூரிச்சில் இருப்பார், தங்கை லண்டனில் இருப்பார். இரண்டு வீட்டிலும் போய்க் கொஞ்ச நாள் தங்கி, சோபாவில் சாய்ந்து, ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, அந்த நாடுகளில் சனம் எப்படிக் கேள்வி கேட்கிறது, அரசு எப்படிக் கைகட்டிப் பதில் சொல்கிறது என்று மிச்ச ஆயுள் முழுவதும் நமக்கு விளக்குவார்கள். இவர்கள் குடியிருக்கும் ஆஸ்திரேலியாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வாக்குப் போடாவிட்டால் தண்டம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இரத்தினசிங்கம் அங்கிள் இந்த இனத்தில் முதல் தரம். சிட்னிப் புறநகரான லிட்கத்தில் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எப்போதிலிருந்து என்று கேட்கிறீர்களா? அது யாருக்கும் ஞாபகமில்லை. வருடா வருடம் தேர்தல் ஒழுங்காகத்தான் நடக்கிறது. செயலாளர் ஜெயதீபன் அங்கிளின் பெயரை முன்மொழிவார், பக்கத்தில் இருப்பவர் வழிமொழிவார், வேறு யாரேனும் உண்டா என்று அங்கிளே கேட்பார், கேட்டபடியே தலைவர் கதிரையில் அமர்ந்தும்விடுவார். கைதட்டல் ஓய்வதற்குள் ஜனநாயகம் முடிந்து ரோல்ஸும் தேநீரும் வந்துவிடும்.

அவர் வேடம் போடுகிறார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஜனநாயகம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். வீட்டு வாத்துக்கூட்டுக்கு அரசிடம் செலவு கேட்ட எம்பியை லண்டன் பத்திரிகைகள் கிழித்த கதையைக் கண் கலங்கித்தான் சொல்வார். சங்கத்தின் கணக்கறிக்கையைப் பற்றி யாராவது கேட்டால், இந்த ஆளுக்கு மரியாதை தெரியவில்லையே என்றும் அதே கண் கலங்கும்.

2013ஆம் வருடப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை லிட்கத்திலிருந்து நார்த்மீட்டுக்கு மாற்றுவது. அங்கே கார் நிறுத்த இடம் தாராளம். புதிய இடம் அங்கிளின் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தது தற்செயல். தற்செயல் என்று ஒன்று உலகத்தில் இருக்கத்தானே வேண்டும்?

தீர்மானத்துக்கு முன் வழக்கம்போல ஐரோப்பா வந்தது. சுவிஸில் சில மாநிலங்களில் சனம் முழுக்கச் சதுக்கத்தில் கூடிக் கையைத் தூக்கித்தான் சட்டம் போடுகிறது என்று விவரித்துக்கொண்டே போனவர், உற்சாக மிகுதியில் அதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார்.

"எங்கை, நீங்களும் ஒருக்காக் கையைத் தூக்குங்கோ பாப்பம்" என்றார்.

மண்டபம் சிரித்துக்கொண்டே தூக்கியது. சிரித்துக்கொண்டே இறக்கியது. ஒரு கை மட்டும் இறங்கவில்லை.

அது பிரியந்தினியின் கை. படகில் வந்தவள், தற்காலிக விசாவில் இருப்பவள், காரில்லாதவள். ஒவ்வொரு சனிக்கிழமையும் மகளைப் பள்ளிக்கு நடத்திக்கொண்டு வருபவள். கணவன் இன்னும் வவுனியாவில். தொலைபேசியில் மகள் தகப்பனோடு கதைக்கும் தமிழ் மாதத்துக்கு மாதம் தேய்ந்துகொண்டே போனது. அதைப் பிடித்து நிறுத்த அவளுக்கு இருந்தது அந்தப் பள்ளி ஒன்றுதான். நார்த்மீட்டுக்கு ரயில் கிடையாது. பரமட்டாவரை போய்ப் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை வேலைக்கும் போகிற ஒருத்தி எந்த நேரத்தில் காத்திருப்பாள்?

"அங்கிள், இதே கையைப் பள்ளிக்கூடத்துக்கும் தூக்கச் சொல்லுங்கோவன். ஆர் ஆருக்கு லிட்கத்திலையே இருக்க விருப்பமெண்டு பாப்பம்."

அங்கிள் சுவிஸைப் பற்றி எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறார்; அது எழுந்து மண்டபத்துக்குள் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. பின்வரிசையில் இரண்டு கைகள் எழும்பின. நடுவில் சில எழும்பின. ஜெயதீபனின் கைகூடக் காதுவரை வந்துவிட்டது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டபோது லண்டனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

கை தூக்குவதெல்லாம் மாடு மேய்க்கிற சின்ன ஊருக்குச் சரிவரும் என்றார். நாடாளுமன்றங்களின் தாய் பிரிட்டன்தான், அங்கே தெரிவானவர்கள் முடிவெடுப்பார்கள், பிறகு சனத்துக்குப் பொறுப்புச் சொல்வார்கள், அதுதான் முதிர்ந்த ஜனநாயகம் என்றார். காதுவரை வந்த கை காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

"அப்ப பொறுப்பைச் சொல்லுங்கோ அங்கிள். கார் இல்லாத பிள்ளையள் என்னெண்டு வாறது?"

அடுத்த விமானத்தில் அங்கிள் சூரிச் திரும்பினார்.

"பிள்ளை, சுவிஸிலை பொம்பிளையளுக்கு வோட்டுக் குடுத்ததே எழுபத்தொண்டிலைதான். ஜனநாயகத்திலை அவசரப்படக் கூடாது."

மண்டபம் சிரித்தது. நல்ல பகிடி என்றுதான் சிரித்தார்கள். அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று ஜெயதீபன் வாசித்தார். அவள் பக்கத்தில் இருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

பள்ளி இப்போது நார்த்மீட்டில் நடக்கிறது. அங்கிள் செருப்போடு நடந்தே போய்த் திறந்துவிடுகிறார். லிட்கம் பிள்ளைகள் சிலர் வருவதில்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, சுவிஸிலும் பாதிப்பேர் வாக்குப் போட வருவதில்லை என்று ஆறுதல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியந்தினிக்கு வவுனியாவிலிருந்து அழைப்பு வருகிறது. மகள் வாரநாள் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் மளமளவென்று சொல்கிறாள். மறுமுனையில் தகப்பன் ஒரு சொல்லும் விளங்காமல், ஓம் அம்மா, ஓம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

உங்களுக்கு அங்கிள்மேல் கோபம் வருகிறது. வரட்டும், நல்லது. நீங்கள் எந்தச் சங்கத்துக்கும் தலைவர் இல்லை. யார் வாயையும் அடைத்ததில்லை. வீட்டிலோ வேலையிலோ ஒருத்தர் குறை சொல்லும்போது, இதைவிட மோசமான இடங்கள் இருக்கின்றன என்று அன்பாக எடுத்துச் சொல்வதோடு சரி. அது போகட்டும். கடைசியாக உங்களிடம் கேள்வி கேட்டவருக்கு எந்த நாட்டைக் காட்டினீர்கள்?