கிருபைக்காரர் நோயாளி பார்க்க வருகிறார்

நோயாளி இருக்கும் வீட்டில் முக்காலி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, வீட்டுக்காரி நிற்கிறாள், டாக்டர் பாபு நிற்கிறார், நர்ஸாகிய நான் நிற்கிறேன், அங்கவஸ்திரத்தை மடியில் மடித்துப் போட்டுக்கொண்டு ஒருவர் மட்டும் அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், வாசகரே, நீங்கள் கிருபைக்காரரைப் பார்த்துவிட்டீர்கள். இந்த இனம் எல்லாச் சபைகளிலும் உண்டு. எங்கள் லுத்தரன் சபையில் கொஞ்சம் கொழுத்து வளரும்.

காரணம் இருக்கிறது. மனிதன் தன் நற்கிரியைகளால் அல்ல, கடவுளின் கிருபையால், விசுவாசத்தைக் கொண்டு மட்டுமே இரட்சிக்கப்படுகிறான் என்பது எங்கள் போதனை. எனக்கும் அதுவே நம்பிக்கை. ஆனால் கிருபைக்காரர் அதற்கும் ஒரு படி மேலே போனவர். மலச்சட்டி எடுப்பதும் கிரியைதான், தண்ணீர் கொண்டுவருவதும் கிரியைதான் என்று கண்டுபிடித்து, இரட்சிப்புக்கு ஆபத்து வராதபடி இரண்டையும் தொடாமல் இருக்கிறார்.

அவர் வரும் நேரத்தைக் கவனியுங்கள். நோயாளியைத் துடைத்து முடித்த பிறகு, காப்பி கொதிப்பதற்குச் சற்று முன்பு. வந்ததும், நான் காற்றுக்காகத் திறந்து வைத்த ஜன்னலைச் சாத்துவார். மற்றவர்கள் 'பேதி நின்றதா?' என்று கேட்கிற தொனியில், 'விசுவாசம் எப்படி இருக்கிறது?' என்று கேட்பார். நோயாளி முனகுவான். 'பலவீனம்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இங்கிலீஷ் சபைக்காரர்கள் எங்கே தவறினார்கள், பாப்டிஸ்டுகள் எங்கே வழுக்கினார்கள் என்பதைச் சுரம் நூற்றுநாலில் நிற்கும் ஒருவனுக்கு விளக்க ஆரம்பிப்பார். அவனால் எழுந்து ஓட முடியாது. இவருக்கு வேறென்ன வேண்டும்?

வங்காளத் துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூர் சந்தில் நான் பார்த்தவர் ஞானசிகாமணிப் பிள்ளை. கார்டன் ரீச்சில் ஒரு கம்பெனியில் பெரிய குமாஸ்தா. நோயாளி தேவசகாயம், துறைமுகத்தில் கப்பலேறும் மூட்டைகளை எண்ணும் வேலை. டைபாய்டு. குடல் புண்ணாகியிருக்கும் நோய். அசைந்தால் உள்ளே கிழிந்துவிடும். ஆளைப் பலகைபோலப் படுக்க வைக்க வேண்டும் என்பது டாக்டர் பாபுவின் கட்டளை.

"பிள்ளைவாள், அந்தக் கால்மாட்டைக் கொஞ்சம் பிடியுங்க. விரிப்பு மாத்தணும்."

"நாம பிடிச்சு என்ன ஆகப்போகுது, நர்ஸம்மா? மேலே இருக்கிறவர் பிடிக்கணும்."

"அவர் தலைமாட்டைப் பிடிச்சிருக்கார். நீங்க இந்தப் பக்கம் வாங்க."

வரவில்லை. நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், சாக்கில் சுற்றிய ஐஸை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, என்னோடு சேர்ந்து விரிப்பை மாற்றிவிட்டுப் போனாள். பிள்ளை அவள் முதுகைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பாவம். கிரியையை நம்பிக் கெட்டுப்போற ஜனம்." அந்த ஐஸில் ஒரு துண்டு அவருடைய சர்பத்திலும் மிதந்தது.

அன்று சாயங்காலம் தேவசகாயத்துக்குப் பிதற்றல் கண்டது. கண்ணை அகல விழித்து, மோட்டுவளையைப் பார்த்துப் பேசினார். "சாஹிப், மூட்டையெல்லாம் ஏத்தியாச்சு. நானே நின்னு பார்த்தேன். ஒண்ணு குறைஞ்சாலும் என்னைக் கேளுங்க."

பிள்ளை நிமிர்ந்தார். "கேட்டீங்களா! சாகிற நேரத்துல ஆண்டவர் சன்னிதியிலே தன் கிரியையை எடுத்து வைக்கிறான்!"

"அவர் கப்பல்ல சணல் ஏத்துறார், பிள்ளைவாள்."

"உங்களுக்கு வேதசாஸ்திரம் தெரியாது."

"சுரம் தெரியும்."

தேவசகாயத்தின் மனைவி அன்னபாக்கியம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மறுநாள் காலையில் போதகர் வந்து இராப்போஜனம் என்னும் திருவிருந்து கொடுப்பதாக இருந்தது. புருஷன் அந்த அப்பமும் திராட்சரசமும் வாங்காமல் போய்விடக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு. "அப்ப இவருக்குக் கிடையாதா, ஐயா?"

"நான் எப்படிம்மா சொல்ல முடியும்? கேட்டதைப் போதகர்கிட்டே சொல்லணும். அது என் கடமை."

அவர் போனதும் அவள் புருஷனின் தோளைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தாள். "விசுவாசிக்கிறேன்னு சொல்லுங்க! ஒரு தரம் சொல்லிடுங்க!" அந்த மனிதர் பாதி எழுந்துவிட்டார். நான் அவள் கையைப் பிரித்து, அவரை அழுத்திப் படுக்க வைத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கிழியவில்லை. அதற்காக நான் பிள்ளைக்கு நன்றி சொல்லவில்லை.

காலையில் சுரம் இறங்கியிருந்தது. போதகர் ட்ராமை விட்டிறங்கி வியர்த்துக்கொண்டு வந்தார். பிள்ளை அவருக்கு முன்பே வந்து முக்காலியில் இருந்தார்.

"ஐயா, இவனுக்குக் கொடுக்கலாகாது. நேத்து என் காதால கேட்டேன், சுயநீதி பேசினான்."

போதகர் கட்டில்மேல் குனிந்தார். "தேவசகாயம், என்ன வேணும்?"

"கப்பல் போயிடுச்சாங்கய்யா?"

"போயிடுச்சு."

"அப்ப என்கிட்டே ஒண்ணுமில்லே. நீங்க கொண்டாந்ததைக் குடுங்க."

இதைவிடச் சுத்தமான லுத்தரன் பதிலை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. பிள்ளைக்கு மட்டும் அது போதவில்லை. மறுபடி வாயைத் திறந்தார்.

"பிள்ளைவாள்," என்றார் போதகர், "பாத்திரம் வைக்க இடமில்லை. நீங்க எழுந்தா முக்காலி கிடைக்கும்."

எழுந்தார். அந்த வீட்டில் அவர் செய்த ஒரே நற்கிரியை அதுதான்.

தேவசகாயம் பிழைத்தார். 'கிருபை' என்றார் பிள்ளை, தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்ததுபோல.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். மழைக்காலத்தில் அதே சுரம் பிள்ளையைப் பிடித்தது. என்னைக் கூப்பிட்டார்கள். ஜன்னலைத் திறந்தேன், அவரால் எழுந்து சாத்த முடியவில்லை. அங்கேயும் மாஷிமாதான் ஐஸ் கொண்டுவந்தாள். சாயங்காலம் சுரம் ஏறிற்று, நாக்கு அவிழ்ந்தது. மோட்டுவளையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு, அந்தக் கிருபையின் காவலர் ஒப்பிக்க ஆரம்பித்தார்:

"ஆண்டவரே, ஆர்மோனியம் நான் வாங்கிக் கொடுத்தது. பிரசங்க பீடத்துத் துணி என்னுது. முன்வரிசை பெஞ்சு ரெண்டும் தேக்கு. மத்தவன் கொடுத்தது மாமரம். நோயாளி வீடு ஒண்ணு விடாம போனேன்..."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, ஏதோ விட்டுப்போனதுபோலப் பதறி:

"முக்காலியை விட்டு எழுந்தேன், ஆண்டவரே! அதையும் சேர்த்துக்கொள்ளும்!"

நான் யாரிடமும் சொல்லவில்லை. போதகரைக் காலையில் வரச் சொன்னேன், சுரம் இறங்கியிருக்கும்போது. அவர் வந்து, ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளையும் பிழைத்தார். இப்போதும் நோயாளி பார்க்கப் போகிறார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் சபையிலும் இப்படி ஒருவர் உண்டு என்று பெயரைக்கூட நினைத்துவிட்டீர்கள். நல்லது. இதை உட்கார்ந்துதானே படித்தீர்கள்? நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த வீட்டில் இப்போது யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.