டார்ச்லைட்டார் ஊரில் இரண்டு நாள்

ஒடுகத்தூருக்குப் பக்கத்தில், மலையடிவாரக் கிராமம் ஒன்றில் டார்ச்லைட்டார் என்று ஒருவர் இருக்கிறார். இந்த உலகத்தில் அவர் நம்புகிற ஒரே ஆள் அவர்தான். அதுவும் காலையில் கண்ணாடியைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு.

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊர் ஊராகப் போய் நிலம், பயிர், மாடு, கிணறு, யார் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று எழுதி வர வேண்டும். அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு பெரியவர் வழிமறித்தார். என் அடையாள அட்டையை வாங்கி, உச்சி வெயிலில் டார்ச் அடித்துப் பார்த்தார். அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

“உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு வந்துகீது. அது எப்டி இருக்கும், சொல்லு?”

“கண்ணாடி போட்டிருக்கும்” என்றது ஆபீஸ்.

நானோ வியர்வை துடைக்கக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். “இதுக்குக் கண்ணாடி இல்லியே!” என்று அவர் போட்ட சத்தத்தில் பாதி ஊர் கூடிவிட்டது.

கண்ணாடியை மாட்டிக் காட்டித் தப்பித்தேன். ஆனால் அவர் விடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் எனக்கு முன்னால் போய் நின்றார். நான் கேட்பேன், வீட்டுக்காரர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகுதான் பதில் வரும்.

“மாடு எத்தனைக்கா?”

“மாடா? இல்லியே” என்றாள் ஓர் அக்கா. அவள் பின்னாலிருந்து ஒரு பசு கழுத்தை நீட்டி என் துப்பட்டாவை மென்றுகொண்டிருந்தது.

“அப்ப இது?”

“அது விருந்தாளி” என்றார் டார்ச்லைட்டார். “ரெண்டு நாள் இருந்துட்டுப் போய்டும்.”

வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்த களத்தில் நின்றே, இங்கே யாரும் கடலை போடுவதில்லை என்றார்கள். சாயங்காலம் ஷூ கம்பெனி பஸ் வந்தது. டிபன் பாக்ஸும் கையுமாகப் பெண்கள் வரிசையாக இறங்கினார்கள்.

“கம்பெனிக்கு யாருமே போறதில்லன்னு சொன்னீங்களே, ஐயா?”

“இவங்கல்லாம் சும்மா பஸ்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றவங்க.”

பம்புசெட் மேடையில் உட்கார்ந்துவிட்டேன். “இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா நாளைக்கே என்னை வேலையை விட்டு நிறுத்திடுவாங்க” என்றேன்.

அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். “இத யாரு படிப்பாங்க?”

“தெரியலை, ஐயா. நிஜமாவே தெரியலை.”

அவர் என்னை முதல்முறையாக டார்ச் இல்லாமல் பார்த்தார். “இதுக்கு முன்ன ஒருத்தன் இப்டித்தான் நோட்டு எடுத்துகினு வந்தான். கிணத்துல எவ்ளோ தண்ணின்னு கேட்டான். மோர் குடுத்து உக்கார வெச்சிச் சொன்னோம். ரெண்டே மாசம். பக்கத்து நெலத்தை எவனோ வாங்கிப் போர் போட்டு, டேங்கர் லாரி டேங்கர் லாரியா உறிஞ்சினு போய்ட்டான். எங்க கெணறு எல்லாம் அடிமட்டத்துக்கு எறங்கிடுச்சி. அவன்கிட்ட மொதல்ல வாயைத் தொறந்தவன் நான்தாம்மா.”

நோட்டில் கிணறு என்ற பக்கத்தை மடித்துவிட்டு, “கிணத்தை நான் கேக்கலை, ஐயா” என்றேன்.

மறுநாள் அவரே என்னை வீடு வீடாக அழைத்துப் போனார். மாடுகள் வந்தன, ஆடுகள் வந்தன, கடலையும் நெல்லும் வந்தன. விருந்தாளிப் பசு அந்த வீட்டிலேயே பிறந்தது என்று தெரிந்தது. டார்ச்லைட்டாரின் பி.காம். முடித்த மருமகள் மாதனூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் என்பதும் பெருமையாக வெளியே வந்தது. கிணறு என்ற பக்கத்தில் மட்டும், “ஊரார் சொல்ல விரும்பவில்லை” என்று எழுதினேன். அதற்காகப் பிறகு ஆபீசில் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. ஆனாலும் வேலை பிழைத்தது.

சாயங்காலம் அவரே பஸ் ஏற்ற வந்தார். வேலூர் என்று பெரிதாக எழுதியிருந்த பஸ்ஸை நிறுத்தி, “எங்க போவுது?” என்று டிரைவரைக் கேட்டார். கண்டக்டரின் சொந்த ஊரை விசாரித்தார். ஜன்னல் ஜன்னலாகப் பயணிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போய், பூக்கூடையோடு இருந்த ஓர் அம்மாவிடம் பத்துக் கேள்வி கேட்ட பிறகுதான் அந்த அம்மா பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னார். பஸ் நகர்ந்த பிறகும் கூடவே நடந்துவந்து, “போய்ச் சேந்ததும் போன் பண்ணு. நீயே பேசு, வேற யாரையும் பேச வெக்காத!” என்று கத்தினார்.

“இன்னா பேஜார் பண்றாரு! உங்கப்பாவாம்மா?” என்றார் பூக்கார அம்மா.

ஆமாம் என்றேன்.