புகைப் படிவத்தின் ஏழாம் கேள்வி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து புகையை என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. அந்தத் திண்டாட்டத்துக்கு முடிவு கட்டியது எங்கள் அரசாங்கக் கந்தோர். மட்டக்களப்பு வாவிக்கரையில், இரண்டு மேசையும் சுற்றாத ஒரு மின்விசிறியும் மட்டுமே கொண்டு, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், யுத்தம் என்ற சிறு இடைஞ்சலைப் பொருட்படுத்தாமல் அந்தச் சாதனை நிகழ்ந்தது. அதன் பிரதம லிகிதராக இருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. வேறு லிகிதர் இல்லை.

கொழும்பிலிருந்து வந்த சுற்றுநிருபம் தெளிவாக இருந்தது. பழைய டீசல் கார்கள் கக்கும் புகை பொதுமக்களின் சுவாசத்துக்குக் கேடு. ஆகவே அவற்றைச் சோதித்து ‘புகையற்ற வாகனச் சான்றிதழ்’ வழங்க வேண்டும். தேறாத வாகனத்தை வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் பொதுமக்களின் சுவாசத்துக்கு அந்தக் காலத்தில் வேறு பல கேடுகளும் இருந்தன. அவை பழைய டீசல் கார்களாக இல்லாதபடியால் சுற்றுநிருபத்துக்குள் அடங்கவில்லை.

பணிப்பாளர் அருமைநாயகம் உடனே கூட்டம் கூட்டினார். அவரும் நானும் சமுகமளித்தோம்.

“புகை மூண்டு வகை, எழுதும்” என்றார். “கறுப்பெண்டா என்ஜினுக்குக் காத்துப் போதாது. நீலமெண்டா ஒயில் எரியிது. வெள்ளையெண்டா டீசல் சரியா எரியாமப் போகுது.”

“சேர், வெள்ளைப் புகையோட ஒருத்தன் செக்பொயின்றுக்கு வந்தா, சரணடைய வாறானெண்டு நினைச்சிருவாங்களே?”

“நல்ல கேள்வி. பாதுகாப்பு அம்சமெண்டு தலைப்புப் போட்டு எழுதும்.”

எழுதினேன். இப்படிப்பட்ட தூரப்பார்வை உள்ள கந்தோர்கள் இப்போது இல்லை.

புகையைக் குறைக்க மருந்தும் வந்திருந்தது. வெளிநாட்டு நிறுவனமொன்று நாற்பத்தெட்டுப் போத்தல் ‘புகைநீக்கி’யை அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. பத்து லீற்றர் டீசலுக்கு ஒரு மூடி ஊற்ற வேண்டும். வாவிக்கு அந்தப் பக்கம், இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த படுவான்கரையில், பத்து லீற்றர் டீசலை ஒரே இடத்தில் பார்த்தவர் எவருமில்லை. டீசல் அங்கே கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருள். மருந்தோ பெயர் விளங்காத திரவம் என்பதால் அதுவும் தடை. எனவே அது யாருக்குத் தேவையோ அவர்களிடம் போய்ச் சேராமல், எங்கள் அலுமாரியில் மிகுந்த பொறுப்புணர்ச்சியுடன் பாதுகாக்கப்பட்டது.

அதைக் கேட்டு ஒரே ஒரு மனிதர்தான் வந்தார். படுவான்கரையின் உன்னிச்சை றோட்டில் வாடகைக்கு ஓடிய ஒரே காரின் சொந்தக்காரர், கதிர்காமத்தம்பி. அந்தப் பக்கத்தில் யாருக்கு வருத்தம் வந்தாலும் நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வருவது அவருடைய கார்தான். டீசல் கிடைக்காததால் அது மண்ணெண்ணெயில் ஓடியது. வெறும் மண்ணெண்ணெய் ஊற்றினால் பம்ப் காய்ந்து பிடித்துவிடும் என்று தேங்காயெண்ணெய் கலந்திருந்தார். கார் வருவதற்கு முன்பே அப்பளம் பொரிக்கும் மணம் வரும். அதன் பிறகு புகை வரும். மூன்றாவதாகத்தான் கார் வரும்.

கூட வந்தவர் ஏறாவூர் மெக்கானிக் பக்கீர். அவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சேர், இத ஊத்துறத்துக்கு முந்தி நோசலக் கழட்டிக் கழுவோணும். எயார் ஃபில்டருக்க ஒரு வயல் வட்டைக்குக் காணுமான புழுதி கிடக்கு. காத்துப் போகாட்டி மருந்து என்ன செய்யும்? பத்து லீற்றர் நல்ல டீசல் தாங்க. இந்தப் புகைய நான் நிப்பாட்டித் தாறன்.”

“டீசல் தர எங்களுக்கு அதிகாரம் இல்ல.”

“அப்ப மருந்தயாவது தாங்க.”

“அது டீசலுக்குத்தான் கலக்கலாம். இவர்ர காரில டீசல் இல்லையே.”

பக்கீர் போத்தலை மேசையில் வைத்தார். நிருவாகத்தின் நுட்பம் எல்லோருக்கும் விளங்காது.

சோதனையை எங்கே நடத்துவது என்ற பிரச்சினையை அருமைநாயகம் ஒரே நிமிடத்தில் தீர்த்தார். படுவான்கரையிலிருந்து வரும் எல்லா வாகனமும் பாலத்துச் செக்பொயின்றில் நிற்கத்தான் வேண்டும். நாமும் அங்கேயே நின்றால் போயிற்று. ஆனால் அங்கே இராணுவத்தின் நிரந்தரக் கட்டளை ஒன்று இருந்தது. வாகனம் நின்றவுடன் என்ஜினை அணைக்க வேண்டும். எல்லோரும் இறங்க வேண்டும். புகையைப் பார்க்க என்ஜின் ஓட வேண்டுமே என்று நான் எழுத்துமூலம் அனுமதி கேட்டேன். ‘ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் சந்தேகத்துக்குரியது’ என்று பதில் வந்தது.

ஆகவே என்ஜின் அணைந்த பிறகே புகையைச் சோதித்தோம். சைலன்சர் குழாயின் வாயில் வெள்ளைக் கைக்குட்டையை ஒரு நிமிடம் பிடிப்பேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருக்கும். சான்றிதழில் ஒப்பமிடுவேன். முதல் மூன்று மாதத்தில் எங்கள் வெற்றி வீதம் நூறு. கதிர்காமத்தம்பியின் கார்கூடத் தேறியது. அது புகைத்துக்கொண்டு வந்ததில் காவலில் நின்ற சிப்பாயின் கண்ணில் காருக்குப் பின்னால் வந்த மூன்று வாகனம் படவில்லை என்பது வேறு விடயம். கார் நின்றதும் அவன் மூக்கை உறிஞ்சி, “என்ன சமைக்கிறது?” என்று கேட்டான்.

இந்த வெற்றியைக் கேள்விப்பட்ட கொழும்பு, படிவத்தைத் திருத்தி அனுப்பியது. ஏழாம் கேள்வி புதிது. ‘வாகனத்தின் பின்புறமாகப் புகை தென்படுகிறதா? ஆம் / இல்லை.’ கைக்குட்டை போதாதாம். உத்தியோகத்தர் வாகனத்துக்குப் பின்னே நின்று, அது வந்த திசையை நேரடியாக அவதானித்து எழுத வேண்டுமாம்.

ஆவணி மாதத்து ஒரு காலை, பத்து மணி நாற்பதுக்கு, கதிர்காமத்தம்பியின் கார் வந்தது. பின் சீற்றில் வினாயகமூர்த்தி என்ற கமக்காரர் கிடந்தார். விடியற்காலை எறிகணைச் செல்லடிக்குப் பயந்து வீட்டுக்குப் பின்னாலுள்ள பங்கருக்குள் இறங்கியவரை, அங்கே முன்னமே குடியிருந்த புடையன் பாம்பு தீண்டிவிட்டது. கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. மனைவி சின்னத்தங்கம் அவருடைய தலையை மடியில் வைத்திருந்தாள்.

“என்ஜின் ஓஃப்! எல்லாம் இறங்கு!” என்றான் சிப்பாய். வினாயகமூர்த்தியைப் பார்த்துவிட்டு, “இவர் இறங்க வேணாம்” என்றும் சொன்னான். நல்ல பையன்.

நான் படிவத்தை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னே போனேன். வந்த திசையை அவதானித்தேன். வாவிக்கு அப்பால், வயல்களுக்கும் அப்பால், வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு கறுப்புப் புகை எழுந்து நின்றது. நான் மனச்சாட்சியுள்ள உத்தியோகத்தன். ‘ஆம்’ என்று எழுதினேன். நிறம் கறுப்பு என்றும் குறித்தேன்.

“கார் தேறல்ல. திருப்பிக் கொண்டுபோகோணும்” என்றேன்.

கதிர்காமத்தம்பிக்கு முதலில் விளங்கவில்லை. “ஐயா, என்ஜின் நிக்குது. அது காரிர புகையில்ல. அது இவர்ர வீடு.”

“எதுர புகையெண்டு படிவத்தில கேக்கல்ல. தென்படுகுதா எண்டுதான் கேட்டிரிக்கு.”

“தென்படுகுதுதான். அதுக்கு இந்த மனிசன் சாகோணுமா?”

சின்னத்தங்கம் கார் கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். “ஐயா, இன்னும் அரை மணித்தியாலத்துக்குள்ள ஊசி போடோணுமாம். ஒண்டு இல்லையெண்டு எழுதுங்க. இல்லாட்டி நானே இவரத் தூக்கிக்கொண்டு நடக்கன்.”

நான் பேனாவை மூடிக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதர் செத்துவிடுவாரே என்று நான் பயப்படவில்லை. படிவத்தில் வெட்டி எழுதினால் விளக்கம் கேட்பார்களே என்றுதான் பயந்தேன்.

நல்லவேளையாக அன்று அருமைநாயகம் மேற்பார்வைக்கு வந்திருந்தார். குடைக்கடியில் நின்று படிவத்தை வாசித்தவர் என்னை ஓரமாக இழுத்தார்.

“என்னகாணும் எழுதியிரிக்கீர்? காலமை றேடியோ கேக்கல்லயா? அந்தப் பக்கம் ஒண்டும் நடக்கல்லயெண்டு சொல்லிற்றாங்க. ஒண்டும் நடக்காத இடத்தில புகை எப்பிடி வரும்?”

“கண்ணால பாத்தன், சேர். அந்தா, இப்பவும் நிக்கிது.”

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேலதிகாரிகள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். “நீர் பாத்தது மறுகா என்ட தலையிலதான் விடியும். புதுப் படிவம் எடும்.”

புதுப் படிவம் எடுத்தேன். ‘வந்த திசை: உன்னிச்சை வீதி. நேரம்: மு.ப. 10.40. புகை: இல்லை.’ ஒப்பமிட்டு முத்திரை குத்தினேன். பழைய படிவத்தை அருமைநாயகம் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கார் அப்பள மணத்தோடு ஆஸ்பத்திரிப் பக்கம் பறந்தது. வினாயகமூர்த்தி பிழைத்துவிட்டார் என்று மறுநாள் பக்கீர் வந்து சொன்னார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரு பொய் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று வீட்டில்கூடச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து, எரிந்த வீடுகளுக்குக் கூரைத் தகரம் கொடுக்கும் திட்டம் வந்தது. வினாயகமூர்த்தி பதினாறு தகரம் கேட்டு விண்ணப்பித்தார். சம்பவ தினத்தில் அந்தத் திசையில் தீயோ புகையோ காணப்பட்டதாக அரச பதிவு ஒன்று வேண்டும் என்பது விதி. அந்தப் பக்கத்துக்கு உத்தியோகத்தர் எவரும் போவதில்லை. ஆனால் மாவட்டம் முழுவதிலும் அந்தத் திசையைப் பார்த்துப் புகை உண்டா இல்லையா என்று நாள் தவறாமல் எழுதிவைத்த கந்தோர் ஒன்று இருந்தது. எங்கள் அறிக்கை கோரப்பட்டது. பதிவேட்டில் உள்ளபடி அனுப்பிவைத்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

நிராகரிப்புக் கடிதத்தோடு வினாயகமூர்த்தியும் சின்னத்தங்கமும் என்னிடம் வந்தார்கள். அவர் கம்பு ஊன்றியிருந்தார். கோபமே இல்லை அவருக்கு.

“நீங்க அண்டைக்கு எழுதினதாலதான் ஐயா நான் உசிரோட இரிக்கன். அத மறக்கமாட்டன். ஆனா மழை துவங்கிற்று. எரிஞ்சதெண்டு ஒரு துண்டு எழுதித் தர ஏலாதா?”

“எரிஞ்சிருந்தாப் புகை வந்திருக்கோணும். புகை வந்திருந்தா நீங்க வந்த கார் தேறியிருக்காது. கார் தேறியிருக்காட்டி நீங்க…” என்று விளக்கத் தொடங்கினேன். மிகச் சரியான விளக்கம். எனக்கே முடிக்க முடியவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சின்னத்தங்கம் குனியவில்லை. கடிதத்தோடு இணைத்திருந்த பதிவேட்டுப் பிரதியை என் மேசையில் விரித்து, அடியில் இருந்த ஒப்பத்தின் மேல் விரலை வைத்தாள்.

“வீட்ட எரிச்சவன் ஆரெண்டு எனக்குத் தெரியா ஐயா. எரியல்லயெண்டு கையெழுத்து வைச்சவர் இந்தா, முன்னுக்கு இரிக்கார்.”

நான் மறுக்கவில்லை. என் கையெழுத்து எவரும் வாசிக்கக்கூடியவாறு தெளிவாக இருக்கும்.