ஏரிக்கரை இடமும் லோவல் ஹௌகனின் துடைப்பமும்

துடைப்பத்தைக் கண்டால் ஓடுகிறவர்கள் உலகத்தில் உண்டு. துடைப்பத்தால் அடி வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் சம்பளமே வாங்காமல், கோடை முழுவதும் முன்பின் தெரியாதவர்களின் கழிப்பறையைத் தேய்ப்பதற்குப் போட்டி போட்டு மனுக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவில், மினசோட்டாவின் ஏரிப் பக்கம் வாருங்கள். விடுமுறைக்கு வருகிறவர்கள் வாடகைக்குத் தங்கும் மரக் கேபின்கள் கொண்ட முகாம்கள் அங்கே நிறைய; முகாமுக்கு ஒருவராவது இருப்பார். ஆரஞ்சு நிறத்தில் கையில்லாச் சட்டை, நெஞ்சில் பெயர்ப் பட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. 'முகாம் உபசரிப்பாளர்' என்று அவருக்குப் பெயர். உபசாரமெல்லாம் கேபினுக்குத்தான், விருந்தாளிக்கு அல்ல.

லோவல் ஹௌகனை எடுத்துக்கொள்ளுங்கள். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த வீட்டில், தான் சாப்பிட்ட தட்டைத் தொட்டி வரைக்கும் கொண்டுபோனதாகச் சரித்திரம் இல்லை. அப்பேர்ப்பட்டவர், சக்கரம் வைத்த வீட்டோடும் மனைவி ஆர்டிஸோடும் டாமராக் ஏரி முகாமில் வந்து இறங்கியதும் ஆளே மாறிவிட்டார். விருந்தாளிகள் பெட்டி கட்டி முடிப்பதற்குள் வாளியும் மாப்புமாக வாசலில் நின்று தொண்டையைக் கனைப்பார்; ஒரு குழந்தை மார்ஷ்மெல்லோ மிட்டாயை நெருப்பில் வாட்டினால், அது எந்த மெத்தையில் ஒட்டப்போகிறதோ என்று இவர் வயிறு எரியும்; அடுக்குக் கட்டிலின் ஏணியை விரலால் தடவிப் பார்த்து, தூசி இருந்தால் கோபப்படுவார், இல்லாவிட்டால் ஏமாந்துபோவார். மணல் ஒட்டிய செருப்போடு உள்ளே வந்தவன் தொலைந்தான்.

"அவங்க லீவுக்கு வந்திருக்காங்க லோவல், ஜெயிலுக்கு இல்ல" என்பார் ஆர்டிஸ்.

ஆர்டிஸுக்கு ஒரே ஓர் ஆசை. இப்போது அவர்கள் வண்டி நிற்பது குப்பைத்தொட்டிப் பக்கம். கதவைத் திறந்தால் தண்ணீர் தெரிகிற ஏரிக்கரை இடத்தை, அடுத்த கோடைக்கு ஏதாவதொரு உபசரிப்பாளர் தம்பதிக்கு முகாம் அதிகாரியான ரேஞ்சர் ட்ரூடி கொடுப்பாள். அங்கே நாற்காலி போட்டுப் புருஷனோடு சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆனால் லோவல் மேல் புகார்கள் சேர்ந்துவிட்டன. "இன்னும் ஒரே ஒரு புகார் வந்தாலும் உங்களுக்குக் குப்பைத்தொட்டிதான்" என்று ட்ரூடி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு காலை, லோவல் ஒரு கேபினுக்குள் எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வாசலில் காரைக் காணோம். போர்வை மடித்திருக்கிறது. தரை பளபளக்கிறது. மேஜை மேல் ஒரு தட்டு நிறைய ருபார்ப் கேக். காலி செய்து போகிறவர்கள் மிச்சம் மீதியை உபசரிப்பாளருக்கு விட்டுப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். இப்படியும் மனிதர்கள் உண்டா! லோவல் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணீர் மல்க, கேக்கை ஒரு கை பார்த்தார்.

தூண்டிலும் கையுமாக ஓர் அம்மாள் உள்ளே வந்தார். வெர்னா லிண்ட்க்விஸ்ட். கேபினை வாடகைக்கு எடுத்தவர்.

"யாருங்க நீங்க?"

"நீங்க... காலி பண்ணிட்டீங்கன்னு..."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கோமே! வீட்டுக்காரர் காரை எடுத்துட்டுக் கடைக்குப் போயிருக்கார்."

"அப்ப எதுக்குங்க பெருக்கினீங்க?" வாயில் கேக்கோடு லோவல் அதட்டினார்.

வெர்னா தயங்கினார். "நேத்து வந்தப்ப பாத்தோம். சுத்தம் கொஞ்சம்... வித்தியாசமா இருந்துச்சு."

இந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் திட்டமாட்டார்கள். தலைகால் தெரியாமல் பாராட்டினால் 'மோசமில்லை' என்பார்கள். காறித் துப்பத் தோன்றினால் 'வித்தியாசமாக இருக்கிறது' என்பார்கள். லோவல் கையிலிருந்த கேக் தரையில் விழுந்தது.

"நானும் உங்க ஆளுதாங்க" என்றார் வெர்னா. "வேற முகாம்ல உபசரிப்பாளர். துடைப்பத்தைத் தொடமாட்டேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சத்தியம் பண்ணிட்டு லீவுக்கு வந்தேன். ஒரு நாள்கூடத் தாங்கல. கேக்கு விஷயம் ரேஞ்சருக்குப் போகக் கூடாதுன்னா, ஒண்ணு செய்யணும்."

லோவல் உதட்டோரத்துக் கேக்கைத் துடைத்தார். "என்ன?"

"பக்கத்துக் கேபின்ல ஒரு கூட்டம் புள்ளைங்க இருந்துச்சே, போயிட்டாங்களா?"

"காலையிலயே."

"மார்ஷ்மெல்லோ?"

"கூரை வரைக்கும்."

அம்மாள் முகம் கல்யாணப் பெண் முகமாக மலர்ந்தது. "மாப்பை எடுங்க!"

வினிகரா, ப்ளீச்சா என்று சண்டை போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு ஜன்னல் போட்டி வைத்து, இருவரும் பாட்டுப் பாடாத குறையாகத் தேய்த்தார்கள். அந்தக் கோலத்தில்தான் ட்ரூடி வந்து நின்றாள்.

"இவங்க விருந்தாளியாச்சே? இங்க என்ன பண்றாங்க?"

லோவலின் கண் முன்னால் குப்பைத்தொட்டி வந்து போனது. வெர்னா மாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "காதுத்தோடு தொலைஞ்சிடுச்சும்மா, தேடறேன்" என்றார். "இவர் மாதிரி உபகாரியை நான் எந்த முகாம்லயும் பாத்ததில்ல."

ட்ரூடி கூரையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "மோசமில்ல" என்றாள்.

அன்று சாயங்காலமே ஏரிக்கரை இடம் ஹௌகன் தம்பதிக்கு என்று முடிவாகிவிட்டது. அடுத்த கோடை வரை பொறுக்காமல், ஆர்டிஸ் ஆசை ஆசையாக இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரோரம் போட்டார். லோவலும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம்தான்.

"எங்க எந்திரிக்கிற?"

"கரையெல்லாம் ஒரே இலை ஆர்டிஸ். இதோ வந்துட்டேன்."

ஆர்டிஸ் ஏரியைப் பார்த்தபடியே சொன்னார்: "நம்ம கல்யாணம் ரொம்ப வித்தியாசமா இருக்கு லோவல்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். லாட்ஜ் அறையைக் காலி செய்யும்போது போர்வையை மடித்துவைத்து, குளியலறையில் ஒரு வாளி தண்ணீரும் அடித்துவிட்டு வருவது யார்? வேலைக்கார அம்மா வருவதற்குள், அவள் என்ன நினைப்பாளோ என்று வீட்டை ஒரு முறை பெருக்கிவிடுவது யார்? அது இருக்கட்டும். இந்தக் கதைப் பக்கத்தின் மூலையில் இருந்த தூசியை இப்போது ஊதிவிட்டது யார்?