லூப்பேவுக்கு அரை நாள்

பெனி கேட்டது ஒரே ஒரு கேள்வி. “அத்தை, சனிக்கிழமை லூப்பே வர்றா. அரை நாள்தான் இருப்பா. சாப்பிட எங்க கூட்டிட்டுப் போகலாம்?”

அன்று சாயங்காலமே வயோலா அத்தை இரண்டு பன்றிக்கால்களை உப்புநீரில் ஊறப்போட்டுவிட்டாள்.

தப்பு பெனியுடையதுதான். வெலிங்டனிலேயே பிறந்து வளர்ந்த சமோவாக்காரன், வயது நாற்பதை நெருங்குகிறது. விருந்தாளிக்கு என்ன கொடுக்கலாம் என்று அத்தையிடம் கேட்டால் அது யோசனை கேட்பதாகாது, சமைக்கச் சொல்வதாகும் என்பது அவர்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். பெனிக்கு மனசெல்லாம் லூப்பேவாக இருந்ததால் புத்திக்கு இடம் போதவில்லை.

“நான் ஹோட்டல் பேர்தான் கேட்டேன், அத்தை.”

“ஏழு வருஷம் கழிச்சு வர்ற பொண்ணுக்கு ஹோட்டல் சோறா? சர்ச்சுல நான் எப்படிடா தலை காட்டுவேன்?”

“நாங்க ஊரைச் சுத்தி நடக்கப் போறோம். வீட்டுக்கு வர நேரமிருக்காது.”

“வர வேணாம். நீங்க பாட்டுக்கு நடங்க. நான் பின்னாடியே சட்டியோட வரேன்.”

லூப்பே யார் என்று சொல்லிவிட வேண்டும். சர்ச் பாடகர் குழுவில் அவள் முன்வரிசை, இவன் பின்வரிசை. வருடக்கணக்கில் அவளுடைய பின்தலையைப் பார்த்தே பாடியவன். ஒத்திகை முடிந்ததும் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடப்பான். அவள் பேசுவாள், இவன் ‘ம்’ போடுவான். அப்புறம் அவளுக்கு பிரிஸ்பேனில் நர்ஸ் வேலை கிடைத்தது. விமான நிலையத்தில் எல்லோரும் அழுது முடித்தபிறகு அவள் இவன் எதிரில் வந்து நின்று முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வேண்டிய நேரம் என்று இவனுக்கும் புரிந்தது.

“ஜன்னலோர சீட்டாக் கேட்டு வாங்கு” என்றான்.

அவள் போய்விட்டாள். அதிலிருந்து, நகரசபைப் பூங்காவில் புல் வெட்டிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் விமானம் போனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பது அவன் வழக்கமாகிவிட்டது. பையனுக்கு விமானம் என்றால் உயிர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட மேற்பார்வையாளர், போன பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை விமானம் வாங்கித் தந்தார். பெனி அதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான். வேறென்ன சொல்ல முடியும்?

போன வாரம்தான் அவளிடமிருந்து செய்தி வந்தது. ‘பிரிஸ்பேன்லேர்ந்து சமோவாவுக்கு, ஆப்பியா போறேன். வழியில சனிக்கிழமை மத்தியானம் வெலிங்டன். அன்னிக்கு ராத்திரியே கிளம்பணும். ஊரைச் சுத்திக் காட்டுவியா?’

அவள் பார்க்காத ஊரா? இருந்தாலும் பெனி மூன்று இரவு தூங்காமல் திட்டம் போட்டான். முதலில் துறைமுகத்தை ஒட்டி நடை. பிறகு கியூபா தெருவில் மலேசியக்காரர் கடையில் ரொட்டியும் குழம்பும், இரண்டே பேருக்கு மேஜை. கேபிள் காரில் மேலே ஏறி, அவன் புல் வெட்டும் பூங்கா வழியாக இறங்கலாம். இருட்டும்போது விக்டோரியா மலை உச்சி. ஜூன் மாதம், அங்கே குளிர்காலம், ஐந்தரைக்கெல்லாம் கீழே ஊர் முழுக்க விளக்கு எரியும். அங்கே வைத்துச் சொல்லிவிடுவது. சொல்ல வேண்டிய வாக்கியம் தயார். புல்வெட்டும் இயந்திரத்திடம் அதை இருபது தடவையாவது சொல்லிப் பார்த்திருக்கிறான். அது ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

அதற்குக் குறுக்கே இப்போது பன்றிக்கால் வந்து நிற்கிறது.

மறுநாள் அத்தையைக் கூப்பிட்டான். “அத்தை, லூப்பேவுக்கு அசதியா இருக்காம். கூட்டமே வேணாம்னு சொல்லிட்டா.”

“அசதியா? ராத்திரி பகலா ஆஸ்பத்திரியில நிக்கிறவளுக்கே அசதின்னா, சாதாரணமா இருக்காதே.”

அரைமணி நேரத்தில் போதகர் எலியா கூப்பிட்டார். “மகனே, லூப்பேவுக்கு உடம்பு முடியலையாமே. கவலைப்படாத. சனிக்கிழமை நாங்க எல்லாரும் வந்து ஜெபம் பண்றோம்.”

“ஐயோ, அதெல்லாம் இல்லீங்க போதகரே. நல்லாத்தான் இருக்கா. மலை மேலேர்ந்து ஊர் விளக்கைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டா, அவ்வளவுதான்.”

“அப்படியா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்ப ஜெபத்துக்குப் பதிலாப் பாட்டு. அவ பாடின குழுதானே, மொத்தமா வேன்ல வந்துடறோம்.”

ஒரு சட்டியைத் தவிர்க்கப் போய் ஒரு வேனைச் சம்பாதித்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டே இருந்தவன், திறக்கக்கூடாத நாளாகப் பார்த்துத் திறந்துகொண்டிருந்தான்.

கடைசியாக ஒரு தந்திரம் செய்தான். எல்லோரும் மூன்று மணிக்குக் கேபிள் காரின் மேல் முனைக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டான். அந்த நேரத்தில் அவனும் லூப்பேவும் கீழே துறைமுகத்தில் இருப்பார்கள். அவர்கள் மேலே காற்று வாங்கட்டும். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

சனிக்கிழமை வந்தது. விமான நிலையத்துக்கே வருகிறேன் என்றதற்கு, வேண்டாம், பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள் லூப்பே. துறைமுகத்துக்கு எதிரில் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். தோளில் ஒரு சின்னப் பை, கழுத்தில் கம்பளித் துணி. தெற்குக் காற்று அவள் முடியைக் கலைத்தது. பெனி பார்த்துக்கொண்டே நின்றான். ஏழு வருடமாகப் பின்தலையை நினைத்துக்கொண்டிருந்தவன், முகம் இவ்வளவு அழகு என்பதை மறந்தே போயிருந்தான்.

“பெட்டியெல்லாம் எங்க?”

“வச்சிட்டு வந்துட்டேன். நீ மாறவே இல்ல, பெனி.”

“ம்.”

“அது கூட மாறல.” சிரித்தாள். “இந்தக் காத்துல தண்ணியோரம் நடந்தா கடல்லதான் விழுவோம். முதல்ல கேபிள் கார்ல போலாமா?”

“இல்ல, முதல்ல துறைமுகம்தான்…”

“ஏன்? மேல யாராவது காத்துட்டிருக்காங்களா?”

இல்லை என்று சொன்னான். சொன்னபின் ஏறாமல் இருக்க வழியில்லை. கேபிள் காரின் சிவப்புப் பெட்டி தண்டவாளத்தில் மலையேறியது. பக்கத்தில் அவள் தோள் இவன் தோளில் படும்படி உட்கார்ந்திருந்தாள். இது இறங்காமல் இப்படியே வானத்துக்குப் போய்விடக்கூடாதா என்று பெனி ஏங்கினான். அது வழக்கம்போல மேல் முனையில் நின்றது. கதவு திறந்ததும் நாலு குரலில் வரவேற்புப் பாட்டு கேட்டது.

பதினாலு பேர். முன்னால் போதகர். நடுவில் போர்வையில் சுற்றிய சட்டியோடு வயோலா அத்தை. ஓரத்தில் வேன் சாவியோடு அத்தையின் கணவர் சியாவோசி மாமா. அவர் வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனுஷர். மற்றதையெல்லாம் அத்தை பேசிவிடுவாள்.

“மூணு மணின்னு சொன்ன, சீக்கிரமே வந்துட்டியே” என்றாள் அத்தை. “நல்லவேளை நாங்களும் சீக்கிரம் வந்தோம்.”

பூங்கா வழியே ஊர்வலம் இறங்கியது. எந்தப் பெஞ்சிலிருந்து பார்த்தால் துறைமுகம் முழுதாகத் தெரியும் என்று பெனிக்குத் தெரியும். அந்தப் பெஞ்சில் லூப்பேவை உட்காரவைக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் அதைச் சுற்றி மட்டும் புல்லைக் கூடுதல் அக்கறையாக வெட்டியிருக்கிறான். இப்போது அதில் போதகரும் இரண்டு கட்டைக்குரல்காரர்களும் உட்கார்ந்து பனிகேக்கே சாப்பிட்டார்கள். அந்தப் பொரித்த மாவுருண்டையின் சர்க்கரை புல்லெல்லாம் சிந்தியது.

கூட்டத்தைக் கழற்றிவிட ஒரே வழி, செங்குத்தான குறுக்குப் படிகள். “இந்தப் பக்கம் சுருக்கு வழி” என்று லூப்பேவின் காதருகில் சொன்னான். ஆனால் சொன்னது அத்தைக்கும் கேட்டுவிட்டது. சுருக்கு வழி என்றால் யார் விடுவார்கள்? எல்லோரும் திரும்பினார்கள். பத்தாவது படியில் அத்தையின் முழங்கால் மக்கர் செய்தது. லூப்பே நர்ஸ் அல்லவா, உடனே ஓடிப்போய் அத்தையைத் தாங்கிக்கொண்டாள். அத்தையின் கையிலிருந்த சட்டி பெனியின் கைக்கு வந்தது.

ஆக, பெனி சட்டியைச் சுமந்துகொண்டு முன்னால் தனியாக நடந்தான். பின்னால் லூப்பேவும் அத்தையும் தலையோடு தலை சேர்த்து ஏதோ பேசிச் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பைப் பக்கத்திலிருந்து கேட்கத்தானே இத்தனை பாடு என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்தது. சட்டி வேறு கையைச் சுட்டது.

கியூபா தெருக் கடையில் இரண்டு பேருக்கான மேஜையைக் காட்டிய மலேசியக்காரர், வாசலில் நுழைந்துகொண்டே இருந்த கூட்டத்தைப் பார்த்துக் கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“ரெண்டு பேருன்னுதானே சொன்னீங்க?”

“அப்படித்தான் நினைச்சேன்” என்றான் பெனி.

“வெளிச் சாப்பாடு இங்க கூடாதுங்க.”

“இது வெளிச் சாப்பாடு இல்ல தம்பி, எங்க வீட்டுச் சாப்பாடு” என்று அத்தை ஒரு தட்டில் கறியும், தேங்காய்ப்பாலில் ஊறிய கீரையும் வைத்து அவர் கையிலேயே கொடுத்தாள். ஒரு வாய் சாப்பிட்டவர் உள்ளே போய் மேஜைகளை ஒன்றாக இழுத்துப் போட்டார். ரொட்டி வந்துகொண்டே இருந்தது. லூப்பே மேஜையின் அந்த முனை, பெனி இந்த முனை. நடுவில் பதினாலு பேரும் ஒரு சட்டியும். அவள் அங்கிருந்து ஒரு ரொட்டித் துண்டைக் கை கையாக மாற்றி இவனுக்கு அனுப்பினாள். வந்து சேர்ந்தபோது அதில் பாதிதான் இருந்தது. பெனி அதை மெதுவாகத் தின்றான்.

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஏண்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?”

“அவகிட்டத் தனியா ஒண்ணு பேசணும்னு இருந்தேன்.”

“தனியாவா? நம்ம ஜனத்துல எவன்டா முக்கியமான பேச்சைத் தனியாப் பேசினான்? நாலு பேர் முன்னாடி சொன்னாத்தான் அது பேச்சு. தனியாச் சொன்னா அது காத்து.”

“எனக்கு நாலு பேர் முன்னாடி வாய் வராது, அத்தை.”

“தனியாவும் வரலையேடா” என்று சொல்லிவிட்டு அத்தை மிச்ச ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.

விக்டோரியா மலை உச்சிக்கு வேனிலேயே போனார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. மலைச்சரிவு வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. துறைமுகத் தண்ணீரில் அந்த வெளிச்சமெல்லாம் நெளிந்தது. அந்தப் பக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதை விளக்குகள் இரண்டு கோடாக நீண்டு கடலைத் தொட்டன. பாடகர் குழு காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பாடியது. லூப்பே முன்வரிசையில், பழைய இடத்திலேயே நின்றுகொண்டாள். பெனி பின்வரிசை. மறுபடியும் பின்தலை. நாளைக்கு இந்த இடம் காலியாக இருக்கும், அதற்கு மறுநாளும் காலியாக இருக்கும், இனி எத்தனை விமானத்தை அண்ணாந்து பார்த்தாலும் அவ்வளவுதான் என்று தோன்றியதும் அவன் பாட்டை நிறுத்திவிட்டான்.

ஓடுபாதையிலிருந்து ஒரு விமானம் கிளம்பி ஜலசந்திக்கு மேலே ஏறியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

“நேரமாச்சு” என்றான் பெனி. “மாமா, ஏர்போர்ட்டுக்குப் போகணும்.”

சியாவோசி மாமா வேனில் சாய்ந்தபடியே நின்றார். சாவி அவர் பையிலேயே இருந்தது.

லூப்பே வேன் கதவருகே போய், கைப்பிடியில் கை வைத்துத் திரும்பினாள். அன்று விமான நிலையத்தில் நின்றதைப் போலவே நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

“அப்ப ஏறட்டுமா, பெனி?”

இயந்திரத்திடம் சொல்லிப் பழகிய வாக்கியம் ஒன்று இருந்தது. நல்ல வாக்கியம்தான். அதில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. பதினாலு பேரும் இவனையே பார்த்தார்கள். போதகர் தொப்பியைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தை வெறும் சட்டியை மார்போடு அணைத்திருந்தாள்.

“ஏறாத” என்றான் பெனி. “ஆப்பியாவுக்கும் வேணாம், பிரிஸ்பேனுக்கும் வேணாம். அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீ இல்லாம என்னால முடியல, லூப்பே. ஒரு நாள்கூட முடியல. என்கூட இங்கயே இருந்துடு. இவங்க எல்லார் முன்னாடியும் கேக்கறேன்.”

லூப்பே கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அந்த இருட்டில் பெனிக்குத் தெரியவில்லை.

“டிக்கெட்டுக்கு ஆன காசை நான் கொடுத்துடறேன்” என்றான் பயந்துபோய். “ஃப்ளைட் போனாப் போகட்டும்.”

அப்போதுதான் சியாவோசி மாமா அந்த வருடத்துக்கான பேச்சையெல்லாம் மொத்தமாகப் பேசினார்: “எந்த ஃப்ளைட்டுடா? திங்கக்கிழமையிலிருந்து இவ பெட்டி ஆறும் எங்க கராஜ்லதான் கிடக்கு, வேலைகூட இங்கயே ஆஸ்பத்திரியில வாங்கிட்டா. ஏழு வருஷம் கொடுத்தும் வாயைத் திறக்காதவனுக்கு அரை நாள்தான் கொடுக்கணும்னு சொல்லி எங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்ததே இவதான்.”